கையைக் கட்ட எந்தக் கயிறு

திருமணமாகி ஒன்றரை வருடம் ஆன பிறகுதான் என் கணவர் அதை என்னிடம் சொன்னார். பெருமாள்மலையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடிவீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்திருந்தது. தட்டுக் கழுவுவது அன்றைக்கு அவர் முறை. என் பக்கம் திரும்பாமல் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஒண்ணு சொல்லுவேன். நீ சிரிக்கக் கூடாது.”

“சிரிக்கல. சொல்லு.”

“என் ரெண்டு கையையும் நீ கட்டி வச்சா நல்லா இருக்கும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை. வெளாட்டுக்குத்தான். நம்ம ரெண்டு பேரு மட்டும் இருக்கறப்ப.”

நான் சிரிக்கவில்லை. ஆனால் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவர் இன்றுவரை கேலி செய்யும் ஒரு காரியத்தைச் செய்தேன். மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தேன்.

“கை முன்னாலயா, முதுகுக்குப் பின்னாலயா? உக்காந்தா, படுத்தா? எவ்வளவு நேரம்?”

அவர் குழாயை மூடினார். “ஏய், மனசத் தொறந்து ஒண்ணு சொல்றேன். நீ என்ன எஃப்.ஐ.ஆர். எழுதுற?”

என் வேலை அப்படி. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, கொடைக்கானலுக்கு வெளியே ஒரு சாகச முகாமில் பாதுகாப்பு டெக்னீஷியனாக இருக்கிறேன். சமவெளியிலிருந்து கம்பெனி ஆட்கள் கூட்டமாக வருவார்கள். பாறை ஏறுவார்கள், பள்ளத்தின் மேல் கம்பியில் சறுக்குவார்கள், கீழே இறங்கியதும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் எழுந்து காபி கேட்பதற்கு முன்னால், ஒவ்வொரு கயிற்றையும் முனையிலிருந்து முனை வரை விரல்களுக்கு நடுவே விட்டு உருவிப் பார்த்திருக்க வேண்டும். வெளியே பளபளவென்று இருக்கும் கயிறு உள்ளே மெலிந்திருக்கும். அதைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். சந்தேகம் வந்த கயிற்றை அங்கேயே இரண்டாக வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் மூலையில் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். ஏழு வருடமாக இதுதான் என் சோலி. எனவே கயிறு என்று யாராவது சொன்னால் எனக்குக் கேள்விகள்தான் முதலில் வரும்.

அவர் சொந்த ஜீப் ஓட்டுகிறார். சுற்றுலா வருகிறவர்களைப் பூம்பாறைப் பக்கம் கூட்டிப்போவார், மதுரை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவார். நாள் முழுக்கக் கொண்டையூசி வளைவு. ஸ்டீயரிங் எப்போதும் அவர் கையில். அதனால்தானோ என்னவோ, கையில் எதுவுமே இல்லாமல், தன்னால் எதையும் திருப்ப முடியாமல், நம்பிக்கையான ஒருத்தி பக்கத்தில் இருக்கும்போது சும்மா கிடக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இது நானாகச் சொல்லும் விளக்கம். “ஆசைக்கு எதுக்குடி காரணம், டீ குடிக்கிறதுக்கு காரணம் கேப்பியா” என்பது அவர் பதில்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் மீதியையும் சொன்னார். எனக்கு முன்னால் ஒரு பெண்ணிடம் பழகியிருக்கிறார். அவளிடமும் இதைச் சொல்லியிருக்கிறார். அவள் விழுந்து விழுந்து சிரித்து, தன் தோழிகளிடம் சொல்லி, அது சுற்றிச் சுற்றி ஜீப் ஸ்டாண்டு வரை வந்துவிட்டது. ஒரு மாதம் அங்கே போகும்போதெல்லாம் எவனாவது இரண்டு கையையும் நீட்டி, “கட்டுங்க எசமான்” என்பானாம். அதோடு வாயை மூடியவர், ஏழெட்டு வருடம் கழித்து என்னிடம் திறந்திருக்கிறார்.

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. இந்தத் தடவையும் ஏதாவது கோணலாகிப் போனால் மூன்றாம் தடவை கிடையாது. என்னிடம் மட்டுமல்ல, தனக்குள்ளேயேகூட அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார். எனக்கோ அதில் தனியாக ஆசை ஒன்றும் அதுவரை இருந்ததில்லை. ஆனால் வெறுப்பும் இல்லை. யோசிக்க யோசிக்கக் கொஞ்சம் குறுகுறுப்பாகக்கூட இருந்தது. சம்மதம் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: எதைக் கொண்டு கட்டுவது என்பதை நான்தான் முடிவு செய்வேன்.

“அதுக்கு என்ன, கீழ ஜீப்ல கயிறு கெடக்கு,” என்றார்.

ஜீப்பில் கிடப்பது மஞ்சள் நைலான் கயிறு. மேல் கேரியரில் பெட்டிகளைக் கட்ட அவர் வைத்திருப்பது. அதில் தான் போடும் முடிச்சைப் பற்றி அவருக்குப் பெரிய பெருமை. மேலே கொண்டுவந்து, நாற்காலிக் காலில் போட்டுக் காட்டினார்.

“பாத்துக்க. எத்தன வளைவு வந்தாலும் ஒரு இஞ்ச் அசையாது. இழுக்க இழுக்க இறுகும்.”

“இப்ப அத அவுரு.”

அவிழ்க்க ஆரம்பித்தார். நகத்தால் நெம்பினார். பல்லால் கடித்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவரச் சொன்னார். நான் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாலு நிமிஷம் பத்து செகண்டு. அந்த நாற்காலிக் கால் உன் கையா இருந்தா?”

“நாற்காலி ஒண்ணும் சொல்லலையே,” என்றார். ஆனால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கீழே போய்விட்டார்.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டுக்குள் வந்த எதையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். அவர் கையில் கட்டும் முன் எல்லாவற்றையும் என் இடது மணிக்கட்டில் ஒற்றைக் கையால் கட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். தேங்காய் நார்க் கயிறு இரண்டு நிமிடத்தில் தோலைச் சிவக்க வைத்தது, சிலாம்பும் ஏறியது. துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிறு வழுக்கியது, வழுக்கியபோது சூடாக உரசியது. என் பட்டுத் துப்பட்டா மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. சினிமாவில் எல்லாரும் அதைத்தானே எடுக்கிறார்கள். லேசாக இழுத்ததும் அது ஒரு கம்பிபோல ஒடுங்கி, முடிச்சு கடுகு அளவுக்கு இறுகி, கடைசியில் கத்தரிக்கோலுக்குப் பலியானது. அடிபட்டால் சுற்றும் எலாஸ்டிக் கட்டுத்துணியோ, சுற்றச் சுற்ற, நாம் நினைப்பதைவிட இறுக்கமாகப் போய்ச் சேருகிறது. அவர் எனக்குத் தெரியாமல் ஆன்லைனில் ஒரு விளையாட்டுக் கைவிலங்கு வாங்கிவைத்திருந்தார். தகரம். ஓரம் மழுக்கவில்லை. சாவி கொசுவின் கால் அளவுக்கு இருந்தது.

“இந்தச் சாவி தரையில விழுந்தா எங்க தேடுவ?”

“உன்ட்ட டார்ச் இருக்குல்ல.”

“ரிஜெக்ட்.”

“உன் முகாம்ல ஒரு கயிறும் ஏன் தப்பிக்கறதில்லன்னு இப்பத்தான் தெரியுது.”

எல்லாவற்றையும் தள்ளிவிட்டு நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது, என் தொழிலில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஒன்றை. பாறை ஏறுகிறவர்கள் துணைக்கு வைத்துக்கொள்ளும் மெல்லிய கயிறு. பென்சில் பருமன்கூட இருக்காது. புதிதாக, சான்றிதழோடு, மதுரையிலிருந்து வரவழைத்தேன். மழமழவென்று இருக்கும், சிலாம்பு கிடையாது, நான் போடும் முடிச்சு ஒரு முனையை இழுத்தால் பிரிந்துவிடும். அது தாங்கும் எடைக்கு இவரை என்ன, இவர் ஜீப்பையே தொங்கவிடலாம். எனக்கு முழுத் திருப்தி. நோட்டில் பெரிய டிக் போட்டேன்.

ஜூலை மாதம், சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. வெளியே பத்தடிக்கு மேல் தெரியாத பனிமூட்டம். ஜீப்புக்கு வாடகை இல்லை. போதும் என்று அவர் சொன்னால் போதும் என்று பேசிக்கொண்டோம். கைகளை முன்னால் வைத்து, மணிக்கட்டில் இரண்டு சுற்றுப் போட்டுக் கட்டினேன்.

அந்த அரைமணி நேரத்தில் என்ன நடந்தது என்பதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அவர் முகம். சாலையைப் பார்த்துப் பார்த்துப் புருவத்துக்கு நடுவில் அவருக்கு நிரந்தரமாக ஒரு கோடு விழுந்திருக்கும். அது காணாமல் போயிருந்தது. ஏதோ ஒரு பாரத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்ட ஆள்போலக் கிடந்தார். நான் எதிர்பார்க்காத அளவுக்கு எனக்கும் அது பிடித்தது.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விரலைத் தொட்டுப் பார்த்தேன். கட்டிய கை சில்லிட்டுப் போனால் உடனே அவிழ்க்க வேண்டும் என்று படித்து எழுதிவைத்திருந்தேன்.

“விரல் சில்லுன்னு இருக்கே?”

“ஜூலை மாசம் கொடைக்கானல்ல எவன் விரல் சூடா இருக்கும்? உன் விரலத் தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்த்தேன். என் விரலும் ஐஸ்போலத்தான் இருந்தது. இருவரும் சிரித்தோம். சமவெளியில் யாரோ எழுதிய சோதனையை இந்த மலையில் அப்படியே எடுத்துவைத்துக்கொண்டு, அது பொய் சொல்வதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவிழ்த்து, சுவெட்டர் போட்டு, டீ போட்டுக் கொடுத்த பிறகு அவர் டம்ளரை வலது கையில் வாங்கி, உடனே இடது கைக்கு மாற்றினார்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. கட்டை விரல் மேல ஏதோ... மரத்துக் கெடக்கு.”

கட்டை விரலின் முதுகுப் பக்கம், மணிக்கட்டிலிருந்து நகத்துக்குக் கீழே வரை. பேனா முனையால் தொட்டேன். தெரியவில்லை என்றார். சூடான டம்ளரை வைத்தேன். தெரியவில்லை. சரியாகிவிடும் என்று படுத்தோம். காலையிலும் அப்படியே இருந்தது. அன்றைக்கு அவர் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். ஆறு பேர் கொண்ட குடும்பம், வெள்ளனே ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அவர் ஜீப் ஸ்டாண்டுக்குப் போன் செய்து, “மாப்ள, நீ போய்ட்டு வந்துரு, எனக்குக் கையில லேசா வலி” என்றார். வாடகையை அவர் இப்படித் தூக்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மருத்துவமனைக்கு நடந்து போனோம். வழியெல்லாம் அவர் பொய் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

“பேக் வாரு இறுக்கிருச்சுன்னு சொல்லுவோம். ட்ரெக்கிங் போனோம்.”

“ட்ரெக்கிங் பேகைக் கையிலயா மாட்டுவாங்க?”

“அப்ப வாட்ச்சு.”

“நீ வாட்ச் கட்டுறதே கெடையாது. முகாம்ல விழுந்தவன் எப்படி விழுந்தான்னு பொய் சொன்னா எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உள்ளத உள்ளபடி சொல்லுவோம்.”

“யம்மா தாயே, அவங்க நம்ம ஊர்ல இருக்கிறவங்க.”

“டாக்டரு. வெளிய சொல்ல மாட்டாங்க.”

டாக்டருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். வெள்ளைக் கோட்டுக்கு மேல் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன். எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை சுற்று, யார் சம்மதத்தோடு. டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். பேனா ஒரு தடவைகூட நிற்கவில்லை.

“எதுல கட்டினீங்க?”

கயிறு எவ்வளவு எடை தாங்கும், எத்தனை இழை, சான்றிதழ் என்ன என்று விவரமாகச் சொன்னேன்.

“அதில்லங்க. எவ்வளவு அகலம்?”

நோட்டில் இருபதுக்கு மேல் வரிகள் எழுதியிருந்தேன். அகலம் என்று ஒரு வரி இல்லை.

“கயிறு அறுந்துரும்னு பயந்தீங்களா?” டாக்டர் சிரித்தார். “அறுந்திருந்தா சார் இங்க வந்திருக்கவே மாட்டாரு.”

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் தொழிலில் கயிறு ஆளைக் கீழே விடக் கூடாது. அதை மட்டுமே பார்த்துப் பழகிய கண். கையைக் கட்டும்போது யாரும் எங்கேயும் விழப்போவதில்லை. அங்கே கயிறு எவ்வளவு வலு என்பது ஒரு கேள்வியே அல்ல. மெல்லிய கயிறு மொத்த அழுத்தத்தையும் ஒரே கோட்டில் வைக்கிறது. மணிக்கட்டின் கட்டை விரல் பக்கம், தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு எலும்பின் மேல் ஓடுகிறது. ஜீப்பைத் தொங்கவிடும் கயிற்றை நான் அதன் மேல்தான் சுற்றியிருந்தேன்.

டாக்டர் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலைத் தூக்கச் சொன்னார், மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னார், விரல்களை விரிக்கச் சொன்னார், தன் இரண்டு விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பலம் எல்லாம் சரியாக இருந்தது. உணர்ச்சி மட்டும்தான் போயிருந்தது.

“வந்துரும். சில நாள் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். விரலத் தூக்க முடியலன்னாலோ, பிடி தளந்தாலோ உடனே வாங்க. ரெண்டு நாள் வண்டி எடுக்காதீங்க. அப்புறம் பிடி நல்லா இருந்தா ஓட்டுங்க.” பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, “உண்மையச் சொன்னீங்களே, அதுக்கே உங்களுக்கு டீ வாங்கிக் குடுக்கணும். இங்க வர்றவங்க எல்லாரும் பாத்ரூம்லதான் வழுக்கி விழுறாங்க” என்றார்.

அவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். ஆனால் திரும்பி வரும்போது என்னை முன்னால் விட்டுப் பின்னாலேயே நடந்தார். பஸ் நிறுத்தத்தில் வேர்க்கடலை வாங்கினேன். வாங்கிக்கொண்டு தின்னாமல் பையில் போட்டார். வீட்டுப் படியில் கால் வைக்கும்போது சொன்னார்.

“விட்ரு. நமக்கு எதுக்கு இதெல்லாம். என் கிறுக்குத்தனம், உன்னையும் அங்க கொண்டுபோய் நிறுத்திருச்சு.”

நான் பயந்தது கட்டை விரலுக்காக அல்ல. இதற்காகத்தான்.

“கட்டுறதும் வேண்டாங்கறதும் உன் இஷ்டம். நான் அதப் பத்திப் பேச மாட்டேன்,” என்றேன். “ஆனா ஒண்ணு. உன் ஆசை எந்தத் தப்பும் பண்ணல. கயிறு எடுத்தது நான். தப்பு என் நோட்டுல இருக்கு.”

அவர் மாடிப்படி ஏறிப் போனார்.

சொன்னபடியே நான் அதைப் பற்றிப் பேசவில்லை. தினமும் காலையில் அவர் கட்டை விரலைச் சோதிப்பது மட்டும் நடந்தது. அவர் கண்ணை மூடிக்கொள்வார். காது குடையும் பஞ்சுக் குச்சியால் நான் தொடுவேன், தொட்டால் சொல்ல வேண்டும். முதல் மூன்று நாள் நான் தொடாதபோதெல்லாம் “இருக்கு” என்றார், தொட்டபோதெல்லாம் பேசாமல் இருந்தார். பரீட்சையில் காப்பியடிக்கப் பார்க்கிறாயா என்று திட்டினேன். நான்காம் நாள் நகத்துக்குப் பக்கத்தில் லேசாகத் தெரிந்தது. அதற்குள் பிடி சரியாக இருந்ததால் வண்டி எடுத்துவிட்டார். ஒன்பதாம் நாள் காலை, அடுப்பிலிருந்து தோசைக்கல்லை நகர்த்தப் போனவர், “ஆ, சுடுது!” என்று கத்தினார். கத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ஏய், சுடுதுடி!” அந்தக் காலையில் எங்கள் வீட்டில் சுட்டுக்கொண்டதற்காகக் கேசரி கிண்டினேன்.

அதற்குப் பிறகும் நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் தப்பான ஒரு கணக்கை அப்படியே மூடிவைத்துவிட்டுப் போக எனக்கு வராது. அவருக்காக இல்லாவிட்டாலும் எனக்காக அதைச் சரி செய்தாக வேண்டும். கயிறு என்ற சொல்லையே அடித்துவிட்டுப் புதிய பக்கத்தில் தொடங்கினேன். தோலைத் தொடுவது அகலமாக இருக்க வேண்டும், மூன்று விரல் அகலத்துக்குக் குறையக் கூடாது. மெத்தென்று இருக்க வேண்டும், ஆனால் இழுத்தால் ஒடுங்கக் கூடாது. மாட்டிய பிறகு உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். முடிச்சு எதுவும் தோல் மேல் வரக் கூடாது. முடிச்சே இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

வத்தலக்குண்டில் கட்டில் கடையில் நாடாக் கட்டிலுக்குப் போடும் பருத்தி நாடா கிடைத்தது. அகலமானது, கெட்டி நெசவு. எவ்வளவு இழுத்தாலும் தட்டையாகவே இருந்தது. ஏரிச் சாலைத் தள்ளுவண்டியில் ஒரு கம்பளி மப்ளர் வாங்கினேன். இரண்டையும் ஊசி நூலால் கோத்து, ஓரத்தில் ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ வைத்து, கோணல்மாணலாக ஒரு பட்டை செய்தேன். அதை என் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, அரைமணி நேரம் என்று கணக்கு வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு மேலே வந்தார். என் கையைப் பார்த்தார்.

“அது என்ன?”

“சோதனை.”

“யாருக்கு?”

“எனக்கு. இருபத்தி மூணு நிமிஷம் ஆச்சு. எல்லா விரலும் நல்லா இருக்கு.”

அவர் சாவியை ஆணியில் மாட்டினார். கை கழுவிவிட்டு வந்தார். சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தார். மூடினார். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்து, பட்டையைத் தொட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார்.

“தையலு கேவலமா இருக்கு,” என்றார். “ஜங்ஷன்ல ஜீப் சீட்டு தைக்கிற அண்ணன்கிட்டக் குடுத்தா மெஷின்ல அடிச்சுத் தருவாரு.”

நான் முகத்தை மாற்றாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். “யாரு போய்க் குடுக்கிறது?” என்று மட்டும் கேட்டேன்.

“ரெண்டு பேரும் போவோம்.”

சீட்டுத் தைப்பவர் ஐம்பது வயதுக்காரர், வாய் நிறையப் பாக்கு. பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ரெண்டு வேணுமா? நாய்க்குங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார். “ஆமாண்ணே. பெரிய நாயி.”

“அல்சேஷனா?”

“நாட்டு நாயிதான். சொன்ன பேச்சுக் கேக்காது.”

“கழுத்துக்குன்னா இந்த நீளம் பத்தாதே?”

“கழுத்துக்கு வேண்டாங்க,” என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல, இருவரும் திரும்பினார்கள். “கழுத்துல எதுவுமே போடக் கூடாது. கால்லதான். முன்னங்கால்.”

“கால்லயா?” அவர் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “வாயில்லா ஜீவங்க அது. இறுக்கிராதீக தாயி.”

“இறுக்க மாட்டேங்க. உள்ள ரெண்டு விரல் போற மாதிரிதான் மாட்டுவேன். வெரசாக் கழட்டற மாதிரி இருக்கணும், அதான் முக்கியம்.”

“நல்ல வீட்டுல போயிச் சேந்திருக்கு அந்த நாயி,” என்றார் அவர், நூலைக் கோத்துக்கொண்டே. கடைக்கு வெளியே வந்ததும் என் கணவர் ஜீப்பின் மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஜீப் ஸ்டாண்டில் நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள். “ஒண்ணுமில்ல, போங்கடா” என்றார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மதியம், அவராகத்தான் கேட்டார். இந்தத் தடவை நோட்டில் பாதி அவர் சொன்னது. முதலில் வெந்நீர்ப் பையைக் கொடுத்துக் கைகளைப் பத்து நிமிடம் சூடாக்கினேன். சூடான கையோடு தொடங்கினால்தான் பிறகு அது சில்லிடுவது தெரியும். மரத்துப் போனதா என்று தோலின் சூட்டை மட்டும் நம்புவதில்லை என்றும் முடிவு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கட்டை விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும், என் விரலை இறுக்கிப் பிடிக்க வேண்டும், எந்த விரலைத் தொடுகிறேன் என்று பார்க்காமல் சொல்ல வேண்டும். ஒன்று தவறினாலும் கழற்றிவிடுவேன். முகாமில் முதலுதவிப் பெட்டியில் இருப்பதுபோல முனை மழுங்கிய, துணியை அப்படியே வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் கை கட்டியிருக்கும்போது நான் அறையை விட்டு நகர்வதில்லை, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி. இரண்டு பட்டைகளையும் இணைக்க ஒரு சாண் பருத்திக் கயிறு, முடிச்சு பட்டைகளுக்கு நடுவில், தோலுக்குத் தொலைவில்.

“போதும்னு சொன்னா சரியா வராது,” என்றார். “வெளாட்டுல நான் சும்மாவும் போதும் போதும்னு சொல்லுவேன். வேற வார்த்தை வேணும். பிரேக்குனு வச்சுக்குவோம்.”

“பிரேக்குனா?”

“பிரேக்குனா பிரேக்கு. ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. வண்டி நிக்கணும்.”

பட்டைகளை மாட்டினேன். இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன். கயிற்றை இணைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மேகம் பாதி விலகி, எதிர்ச்சரிவில் கொஞ்சம் வெயில் விழுந்திருந்தது. அவர் படுத்தார். கண்ணை மூடினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

“பிரேக்.”

ஏன் என்று கேட்கவில்லை. என் கைகள் தானாகப் பட்டைகளுக்குப் போயின. வலது பட்டை, இடது பட்டை, டர் டர் என்று வெல்க்ரோ பிரிந்தது. அவர் கை இரண்டும் வெளியே. அவர் எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டுகளைத் திருப்பிப் பார்த்தார்.

“எங்க வலிக்குது? மரத்துருச்சா? விரலத் தூக்கு.”

“எங்கயும் இல்ல. எத்தன செகண்டு?”

“எண்ணல. நாலு இருக்கும். என்னாச்சு உனக்கு?”

“ஒண்ணும் ஆகல.” அவர் என்னைப் பார்த்த பார்வையில் விளையாட்டும் இருந்தது, அதற்குப் பின்னால் விளையாட்டல்லாத ஒன்றும் இருந்தது. “புது வண்டிய மலையில எறக்குறதுக்கு முன்ன, சமதரையில ஒருக்கா பிரேக்க மிதிச்சுப் பாக்கணும். இல்லன்னா வளைவுல மனசு நிக்காது.”

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார்.

“பிரேக்கு பிடிக்குது. இப்பக் கட்டு.”